துபாயில் பேறுகாலம்: கீழக்கரையிலேயே தொடங்குற வேலைகள்

மூத்தவளைக் கீழக்கரையில், உம்மா வீட்டில் பெத்தேன். சாப்பிடு, படு, அவ்வளவுதான் என் வேலை. இளையவன் துபாயில். அவனைச் சுமந்ததைவிட காகிதங்களைச் சுமந்ததுதான் அதிகம். தொண்டி, பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கமிருந்து போய், அங்கே வேலையும் பார்த்துக்கிட்டு முதல் பிள்ளைக்குக் காத்திருக்கிற தங்கச்சிகளுக்காக வரிசையா எழுதுறேன்.

1. முதல்ல உம்மாவோட பாஸ்போர்ட்டைத் திறங்க. உங்களோடது இல்லை, உம்மாவோடது. பேறுகாலம் பார்க்க விசிட் விசாவில் வரப்போறது அவங்கதானே. நம்ம ஊர்ப் பெரியவங்க பலருக்கு ஒற்றைப் பேர்தான். குடும்பப் பேர் கட்டம் காலியா கிடக்கும். 2022 நவம்பரிலிருந்து அமீரகத்தில் ஒற்றைப் பேருக்கு விசிட் விசா சிக்கல். கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பேர் இருந்தா ஏத்துக்குவோம்னு பிறகு தளர்த்தினாங்க. எங்க டிராவல்ஸ்காரர் அதையும் நம்பலை. ஏழாம் மாசத்தில் வாப்பா மதுரை பாஸ்போர்ட் ஆபீசுக்கு அலைஞ்சாங்க. நீங்க மூணாம் மாசமே பார்த்துடுங்க.

2. ஜமாஅத்தில் கொடுத்த நிக்காஹ் சான்று மட்டும் போதாது. சார்பதிவாளர் ஆபீசில் பதிஞ்ச திருமணச் சான்று, அமீரகத் தூதரக முத்திரை வரைக்கும் வாங்கினது, கையில் இருக்கணும். அது இல்லாம பிள்ளையோட பிறப்புச் சான்று நகராது.

3. இன்சூரன்சில் பிரசவம் சேருமா, காத்திருப்புக் காலம் எவ்வளவுன்னு கேட்டு வைங்க.

4. பிள்ளை பிறந்ததும் வரிசை மாறக்கூடாது: அமீரகப் பிறப்புச் சான்று, இந்தியத் தூதரகப் பதிவு, பாஸ்போர்ட், அப்புறம் குடியிருப்பு விசா. விசாவுக்கு 120 நாள் கெடு, தாண்டினா அபராதம். தூதரகப் பதிவுக்கு ஒரு வருஷம். விட்டா டெல்லி அனுமதி வேணும். பிள்ளைக்காவது குடும்பப் பேர் கட்டத்தை நிரப்பிடுங்க.

பாஸ்போர்ட் போட்டோதான் பெரிய கூத்து. கண் திறந்திருக்கணும், வாய் மூடியிருக்கணும், பின்னாடி வெள்ளை. 12 நாள் பிள்ளைகிட்ட இதை யார் சொல்றது? வெள்ளை விரிப்பில் கிடத்தி, மச்சான் கட்டில் மேல ஏறி நின்னு எடுக்க, உம்மா சாவிக்கொத்தை ஆட்டிக்கிட்டே இருந்தாங்க. நாற்பத்து மூணாவது படம் தேறிச்சு.

5. இனி கணக்கு. தனியார் வேலைன்னா லீவு 60 நாள்: 45 முழுச் சம்பளம், 15 அரைச் சம்பளம். உம்மாவோட விசிட் விசாவும் 60 நாள்தான் எடுத்தோம். பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்னாடி வந்தாங்க. அதனால என் லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போதே கிளம்பிட்டாங்க. அந்த ஒரு வாரம் தனியா தவிச்சேன். நர்சரிகள் பல 45 நாள் பிள்ளையையே எடுத்துக்கும். ஏழாம் மாசமே இடம் சொல்லி வைங்க. உம்மா இருக்கும்போதே அரை நாள் விட்டுப் பழக்குங்க. வேலைக்குத் திரும்பினாலும், பிள்ளைக்கு 6 மாசம் ஆகுற வரைக்கும் பால் கொடுக்க தினம் ஒரு மணி நேரம் சட்டப்படி உண்டு. கேட்டு வாங்குங்க. விசா இல்லாத ஆளைப் பிள்ளை பார்க்க வீட்டில் வைக்காதீங்க, அபராதம் தாங்காது.

6. உம்மாவோட பெட்டியைக் கட்டும்போது கூடவே இருங்க. பேறுகால மருந்துப் பொடியில் கசகசா சேர்ப்பீங்கன்னா இந்தத் தடவை வேண்டாம். அமீரகத்தில் அது தடை பண்ணின சரக்கு, ஒரு சிட்டிகை கூடக் கூடாது. கருப்பட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. எங்க உம்மா சாயல்குடிக் கருப்பட்டி நாலு கிலோ கொண்டு வந்தாங்க.