சூப்பர்சார்ஜர் இன்ஜினில் பவர் ஏற்றுவது எப்படி: புல்லியைக் கடைசியில் தொடுங்கள்

சூப்பர்சார்ஜர் (இன்ஜினே பெல்ட்டால் சுழற்றி, காற்றை உள்ளே அழுத்தித் தள்ளுகிற கருவி) இருக்கிற காரில் இன்னும் பவர் வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை பி.எஸ்.ஐ. வரைக்கும் போகலாம்?" என்றுதான். பி.எஸ்.ஐ. என்பது அழுத்தத்தின் அலகு, சார்ஜர் ஏற்றுகிற அந்த அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்கிறோம். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பூஸ்ட் மீட்டர் காட்டுவது இன்ஜினுக்குள் போன காற்றை இல்லை, உள்ளே போக வழியில்லாமல் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) நெருக்கிக்கொண்டு நிற்கிற காற்றின் அழுத்தத்தை. அதனால்தான் அடைப்பு குறைவான எக்ஸாஸ்ட் மாட்டினால் மீட்டரில் பூஸ்ட் இறங்கும், ஆனால் பவர் ஏறும். விஷயம் தெரியாதவர்கள் எங்கேயோ லீக் ஆகிறது என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது நிறையக் காற்று, அதுவும் குளிர்ந்த காற்று, அதற்கு ஈடான பெட்ரோல். இந்த மூன்றும் தயாரான பிறகுதான் சின்ன புல்லி, அதாவது சார்ஜரின் பெல்ட் சக்கரத்தைச் சின்னதாக்கி அதை இன்னும் வேகமாகச் சுற்ற வைப்பது.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்ற சோதனை) எடுத்துவிடுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட நன்றாக இறங்கி இருந்தால் டியூனிங் வேலையே வேண்டாம், முதலில் அதைச் சரி செய்யுங்கள். வேக்கம் குழாய்களில் விரிசல் இருக்கிறதா, பூஸ்ட் வேண்டாதபோது காற்றைத் திருப்பிவிடுகிற பைபாஸ் வால்வு முழுசாக மூடுகிறதா என்றும் பாருங்கள். பாதி திறந்தபடி சிக்கிக்கொண்ட பைபாஸ் வால்வோடு புல்லி மாற்றி, பூஸ்ட் ஏறவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது சூடு. என்னைக் கேட்டால் பாதி டியூனிங் இங்கேதான் இருக்கிறது. காற்றை அழுத்தினால் அது சூடாகும், சூடான காற்று அடர்த்தி குறைவு, இன்டேக் காற்று 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறக்குறைய 3% காற்று போய்விடும், அது போக நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து எரிவது) வேறு சீக்கிரம் வரும், நாக்கிங் வந்தால் இன்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.யு. டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தைப் பின்னுக்கு இழுக்கும், ஆக ஒரே சூடு மூன்று பக்கமும் பவரைத் தின்கிறது. ரூட்ஸ் வகை சார்ஜர் (இரண்டு சுழலிகளால் காற்றைத் தள்ளுவது) இதில் இன்னும் மோசம், மற்ற வகைகளைவிட அது காற்றை அதிகம் சூடாக்கும். தண்ணீர் ஓடுகிற இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) உள்ள காரில் அந்தத் தண்ணீரை ஓட வைக்கிற சின்ன பம்ப் உண்மையிலேயே ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். இக்னிஷனைப் போட்டு பம்ப் ஓடும்போது அந்தத் தண்ணீர் டேங்கின் மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் அசைந்து சுழல்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அசையாமல் கிடந்தால் பம்ப் செத்திருக்கும், இல்லை லைனில் காற்று அடைத்திருக்கும். காரின் முன்பக்கத்தைத் தூக்கி வைத்து, குமிழி நிற்கும் வரை பொறுமையாகக் காற்றை வெளியேற்றுங்கள். ஒரு பைசாவுக்கும் பவர் பாகம் வாங்காமலேயே கார் தாராளமாக ஓடுவதைப் பார்ப்பீர்கள்.

சரி, பெட்ரோல். பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் போதுமா என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சூப்பர்சார்ஜ் பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளலாம். 300 குதிரைத்திறன் வேண்டுமென்றால் மணிக்கு 180 பவுண்டு, 4 சிலிண்டருக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 45. இன்ஜெக்டரை 80% நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது, அதனால் 45-ஐ 0.8 ஆல் வகுத்தால் 56 பவுண்டு, அதாவது நிமிடத்துக்கு 590 சி.சி. அளவு. இதற்குக் கீழே இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். பெட்ரோலைத் தள்ளுகிற பம்பையும் மறக்காதீர்கள். பூஸ்ட் ஏற ஏற இன்ஜெக்டரின் வாய்க்கு எதிரே அழுத்தம் கூடுகிறது, பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் மேனிஃபோல்டோடு இணைந்ததாக இருந்தால், இன்ஜின் ஓடாமல் பம்ப் மட்டும் ஓடும்போது 3 பார் காட்டுகிற பெட்ரோல் அழுத்தம் 0.7 பார் பூஸ்டில் 3.7-க்குப் போக வேண்டும். ஃபுல் த்ராட்டிலில் அது சரிந்தால் பம்ப் தாங்கவில்லை என்று அர்த்தம்.

ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ச்சியான (சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடுகிற) ரகத்துக்கு மாற்றி, முனைகளின் இடைவெளியை 0.7 மி.மீ. அளவுக்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் அழுத்தம் ஏறும்போது பொறி தாண்டாமல் மிஸ் ஆகும். அப்புறம் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கிற மேப் சென்சார். பின்னால் சார்ஜர் மாட்டிய இன்ஜினில் பழைய 1 பார் சென்சாரே இருந்தால் அதற்குப் பூஸ்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாது, 2 பார் சென்சாராவது போடுங்கள்.

இப்போது புல்லி. கிராங்க் புல்லி 180 மி.மீ., சார்ஜர் புல்லி 80 மி.மீ. என்றால் விகிதம் 2.25, இன்ஜின் நிமிடத்துக்கு 6,500 சுற்றில் சுற்றும்போது சார்ஜர் 14,625-ல் சுற்றும். 75 மி.மீ. புல்லி போட்டால் 15,600. வெறும் 5 மி.மீ.க்கு கிட்டத்தட்ட 1,000 சுற்று அதிகம்! சார்ஜர் தயாரித்தவர் கொடுத்த உச்ச வேகத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதைத் தாண்டினால் சூடுதான் கூடும், அந்தச் சூட்டை உண்டாக்குகிற சக்தியையும் கிராங்க்தான் கொடுக்கிறது. அழுத்திப் பொருத்திய புல்லியை அதற்குரிய புல்லர் வைத்துத்தான் கழற்ற வேண்டும். சுத்தியல், நெம்புகோல் எல்லாம் பேரிங்கைக் கெடுத்துவிடும்.

புல்லி சின்னதானால் பெல்ட் பிடிக்கிற பரப்பும் குறையும். ரூட்ஸ், ஸ்க்ரூ வகைகளில் பூஸ்ட் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்க வேண்டும், மேல் சுற்றுக்குப் போகப் போக சரிந்துகொண்டே வந்தால் முதல் சந்தேகம் பெல்ட் மீதுதான். புல்லியைச் சுற்றிக் கருப்புத் தூள் படிந்திருக்கும், பெல்ட்டின் வரிகள் பளபளக்கும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரை மாற்றுங்கள், அல்லது ஐட்லர் (பெல்ட்டைத் திருப்பிவிடுகிற வெறும் சக்கரம்) ஒன்று சேர்த்து பெல்ட் புல்லியை இன்னும் சுற்றிப் பிடிக்கும்படி செய்யுங்கள். ஸ்ப்ரே அடிப்பது தீர்வே இல்லை.

கடைசியாக மேப்பிங், அதாவது இ.சி.யு.வில் பெட்ரோல், டைமிங் அளவுகளை அமைப்பது. எக்ஸாஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கிற வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம், சாதாரண சென்சாருக்கு 14.7 (ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று) பக்கத்தில் மட்டும்தான் சரியாகக் கண் தெரியும். பங்க்கில் கிடைக்கிற சாதாரண பெட்ரோலில் ஃபுல் பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5 முதல் 12 வரை இருக்கட்டும். முதலில் பெட்ரோலைச் சரி செய்துவிட்டு அப்புறம் டைமிங். ஒரு பி.எஸ்.ஐ.க்கு ஒரு டிகிரி குறைத்து ஆரம்பிப்பது பழைய வழக்கம், பாதுகாப்பானது. டைனோவில் (காரின் பவரை அளக்கிற மேடை) ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள், ஒரு டிகிரி ஏற்றியும் டார்க் (சுழற்று விசை) கூடவில்லை என்றால் அந்த இடத்திலேயே நிறுத்தி இரண்டு டிகிரி பின்னால் வாருங்கள். டார்க் உச்சத்தில் இருக்கிற சுற்றில்தான் நாக்கிங் முதலில் தலைகாட்டும், அங்கே கஞ்சத்தனமாக இருங்கள். டைனோ கிடைக்காவிட்டால் ரேஸ் டிராக், பொது ரோடு கூடவே கூடாது.

ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுத் தூள் போலக் கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. பளபளக்கும் வெள்ளிப் புள்ளி என்றால் அது பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம், அந்த நிமிஷமே நிறுத்துங்கள். காதில் எதுவும் கேட்டிருக்காது, ஆனால் பிளக் சொல்லிவிடும்.

டைனோவில் ஃபேன் காற்றில் கிடைத்த டைமிங் வெயிலில் டிராஃபிக்கில் நின்று கிளம்பும்போது தாங்காது. இன்டேக் சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் டைமிங் தானாகக் குறையும்படி இ.சி.யு.வில் அந்த டேபிளையும் நிரப்பி, இன்ஜின் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே அடுத்தடுத்து ஓட்டி லாக் (சென்சார் பதிவு) எடுத்துப் பார்த்த பிறகு காரை வெளியே எடுங்கள்.