டர்போ காரின் எரிபொருள் அமைப்பை மேம்படுத்துவதும் டியூன் செய்வதும்

டர்போ காரில் கூடுதல் திறன் வேண்டும் என்று விரும்புவோர் பெரும்பாலும் முதலில் பூஸ்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கூடுதல் அழுத்தத்தை, கூட்டுகிறார்கள். பெட்ரோல் போதவில்லை என்பது அதன் பிறகுதான் தெரியவருகிறது. இந்த வரிசை தலைகீழானது. டர்போ எவ்வளவு காற்றைத் திணித்தாலும், அதற்கு ஈடான பெட்ரோல் சிலிண்டருக்குள் வந்து சேராவிட்டால் கலவை மெலிந்து, எரியறையின் வெப்பம் ஏறி, 'நாக்' எனப்படும் தட்டல் தொடங்கி, பிஸ்டனின் விளிம்பும் வளையங்களும் மிகக் குறுகிய நேரத்தில் பழுதாகிவிடும். ஆகவே எரிபொருள் அமைப்பில் தேவைக்கு மேல் ஓரளவு கையிருப்பை உண்டாக்கிவிட்டு, அதன் பிறகே பூஸ்டில் கைவைக்க வேண்டும். பெரிய பம்பும், பெட்ரோலைத் தெளிக்கும் பெரிய இன்ஜெக்டரும் தாமாக ஒரு குதிரைத் திறனைக்கூடக் கூட்டுவதில்லை. எஞ்சின் பிழைத்திருக்க இடம் தருவதே அவற்றின் வேலை.

சிங்கப்பூரில் பாகங்களை வாங்கும் முன்பே ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெற்றுச் செய்ய வேண்டியவை, அறவே கூடாதவை என்று பிரித்து வைத்துள்ளது. நீங்கள் செய்யப்போகும் மாற்றம் எதில் அடங்குகிறது என்பதை ஆணையத்தின் வழிகாட்டியில் பாருங்கள். ஐயம் இருந்தால் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். பெட்ரோல் கலனைத் திறக்கும் வேலையைப் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் செய்யவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் அது தரையோடு தவழ்ந்து, தொலைவில் உள்ள ஒரு பொறியைக்கூடத் தேடிச் சென்று பற்றிக்கொள்ளும். காற்றோட்டமும் தீயணைப்பானும் உள்ள ஒரு பட்டறையில், சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ, உங்களை அருகில் நின்று பார்க்கவிடும் ஒருவரிடம் செய்துகொள்வதே முறை.

முதலில் கணக்கு

ஒரு பாகத்தையும் கழற்றாமல், இப்போது இருப்பது எந்த அளவில் திணறுகிறது என்று அளந்து பாருங்கள். சுழற்சி வேகம், மேனிஃபோல்ட் (எஞ்சினுக்குள் காற்று செல்லும் குழாய்) அழுத்தம், எரிபொருள் அழுத்தம், இன்ஜெக்டர் திறந்திருக்கும் விழுக்காடு, லாம்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு; 1 என்பது சரிவிகிதம், அதற்குக் கீழே பெட்ரோல் மிகுதி), பேட்டரி வோல்ட், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், நாக் காரணமாக எஞ்சின் கணினி குறைத்த இக்னிஷன் (தீப்பொறி எழும்) கோணம் ஆகிய எட்டும் ஒரே பதிவில் இருக்க வேண்டும்.

பிறகு தேவையைக் கணக்கிடுங்கள். பெட்ரோலில் ஓடும் டர்போ எஞ்சின் முழு பூஸ்டில் ஒரு குதிரைத் திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.27 கிலோ எரிபொருளைக் கேட்கும். கிராங்க்கில் 300 குதிரைத் திறன் இலக்கு என்றால் மணிக்கு 81 கிலோ, அதாவது ஏறத்தாழ 109 லிட்டர். அதை நிமிடத்துக்கு மாற்றினால் சுமார் 1,810 கன சென்டிமீட்டர். நான்கு இன்ஜெக்டருக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 453. இன்ஜெக்டரை 80 விழுக்காட்டுக்கு மேல் திறந்து வைக்காமலிருப்பது நல்லது என்பதால் 0.8ஆல் வகுத்தால் 566 வரும். கடையில் கிடைக்கும் அளவுகளில் 600 முதல் 650 வரை உள்ள ஒன்றை எடுத்தால் போதும். 'பிறகு தேவைப்படும்' என்று 1,000க்குத் தாவுபவர்களுக்கு என் அறிவுரை: தாவாதீர்கள். பழைய வடிவமைப்பில் உள்ள பெரிய இன்ஜெக்டர்கள் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் எஞ்சின் ஓடும் நிலையில்) மிகக் குறுகிய நேரமே திறப்பதால் சீராகத் தெளிப்பதில்லை. மேல் வேகத்தில் கிடைக்காத ஆதாயத்துக்காகத் தினமும் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் நடுங்கும்.

பம்பும் அதற்கான மின்சாரமும்

பம்பின் பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பக் கூடாது. 255 லிட்டர் என்று விற்கப்படும் பம்பு அந்த அளவைத் தருவது ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில், 13.5 வோல்ட்டில் மட்டுமே. பூஸ்ட் 1.2 பார் என்றால், அதற்கேற்ப எரிபொருள் அழுத்தமும் உயர்ந்து பம்பு 4.2 பாருக்கு எதிராகத் தள்ள வேண்டும். அழுத்தம் ஏறினால் ஓட்டம் குறையும், வோல்ட் இறங்கினால் இன்னும் குறையும். நமக்கு வேண்டிய 109 லிட்டருடன் நான்கில் ஒரு பங்கு கையிருப்பைச் சேர்த்து, 4.2 பாரில், 12.5 வோல்ட்டில் 136 லிட்டர் தருமா என்று பம்பின் ஓட்ட வரைபடத்தில் பார்த்து வாங்குங்கள். இலக்குக்கு மீறிய பம்பும் தொல்லைதான்: எரிபொருள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பழைய ரெகுலேட்டரால் அவ்வளவு பெட்ரோலைத் திருப்பி அனுப்ப முடியாமல் ஐடிலில் அழுத்தம் தானாக ஏறும்; சுற்றிச் சுற்றி வரும் பெட்ரோல் கலனுக்குள் சூடாகும். 33 டிகிரி வெயிலில், கால் கலன் பெட்ரோலோடு, விரைவுச்சாலை நெரிசலில் நிற்கும் காருக்கு இது சிறிய விஷயமல்ல.

பம்பை மாற்றும்போது முதலில் அதன் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானே நின்றுபோகும்வரை ஓடவிட்டுக் குழாயின் அழுத்தத்தை இறக்குங்கள். பேட்டரியின் எதிர்முனையையும் கழற்றுங்கள். பல கார்களில் பின்னிருக்கையின் அடியிலுள்ள மூடியைத் திறந்தால் பம்புத் தொகுதி தெரியும். அதன் மேலுள்ள தூசியை முதலில் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது அனைத்தும் கலனுக்குள் விழும். கனெக்டரைக் கழற்றியதும் அதன் முனைகளை உற்றுப் பாருங்கள். பிளாஸ்டிக் ஒரு முனையைச் சுற்றி மட்டும் பழுப்பேறியிருந்தால், அந்த முனை நீண்டகாலமாகச் சூடேறி வந்திருக்கிறது. அதே கனெக்டரில் இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும் பம்பை மாட்டினால் அது உருகும். பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், தனி ரிலே, தடித்த கம்பி என்று நேரடி இணைப்புக் கொடுத்து, பழைய கம்பியை அந்த ரிலேயை இயக்க மட்டும் பயன்படுத்துவதே சரி. இந்தச் சிறு வேலைக்குப் பிறகு பழைய பம்பே கூடுதலாகத் தள்ளுவதைப் பல கார்களில் பார்க்கலாம்.

கலனுக்குள் மாட்டும் சிறு குழாய் எஸ்ஏஇ ஜே30 ஆர்10 தரத்தில் இருக்க வேண்டும். சாதாரண எரிபொருள் குழாய்கள் உட்புறம் மட்டுமே பெட்ரோலைத் தாங்குபவை. முழுதும் மூழ்கினால் வெளிப்புறம் ஊறிப் பிளந்து, பூஸ்ட் ஏறும் நேரத்தில் அழுத்தம் கசிந்துபோகும். பம்புத் தொகுதியிலிருந்து கழற்றிய ரப்பர் வளையம் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும், திரும்பப் பொருந்தாது. புதியதைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்குங்கள். பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவையை வளைத்துவிடாமல் எடுப்பது நம் ஊரில் தனிக் கவனம் பெற வேண்டிய செயல். சிங்கப்பூர்ப் பதிவெண் கொண்ட கார் ஜோகூருக்குக் கிளம்பும்போது முக்கால் கலன் பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது 1991 முதல் உள்ள விதி. மிதவை வளைந்து முள் தவறாகக் காட்டினால், சோதனைச்சாவடியில் அளவுக்கருவியைத் திருத்தியவர் என்ற ஐயத்துக்கு ஆளாக நேரிடும்.

இன்ஜெக்டரும் ரெகுலேட்டரும்

புதிய இன்ஜெக்டரின் மின்தடையைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 12 முதல் 16 ஓம் உள்ளவை பெரும்பாலான கணினிகளோடு நேராகப் பொருந்தும். 2 முதல் 5 ஓம் உள்ளவற்றுக்குத் தனி ரெசிஸ்டரோ அதற்கென உள்ள இயக்கியோ இல்லாவிட்டால் கணினியே கருகிவிடும். ஓ-ரிங்குகளில் சிறிது எஞ்சின் எண்ணெய் தடவி, திருகாமல் நேராக அழுத்துங்கள். விளிம்பு கிழிந்த ஓ-ரிங் உடனே கசியாமல் சூடான பிறகே கசியத் தொடங்கும் என்பதால், எஞ்சினைக் கிளப்பும் முன் சாவியை மட்டும் திருப்பிப் பம்பை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் தாளால் தொட்டுப் பாருங்கள். சூடேறிய பிறகு மறுபடியும் பாருங்கள்.

திரும்பு குழாய் உள்ள அமைப்பில் ரெகுலேட்டரின் அடிப்படை அழுத்தத்தை வெற்றிடக் குழாயைக் கழற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும். வழக்கமாக அது 3 பார். குழாயை மாட்டிய பிறகு, பூஸ்ட் ஒவ்வொரு பார் ஏறும்போதும் எரிபொருள் அழுத்தமும் அதே அளவு ஏற வேண்டும். பதிவில் நான் முதலில் தேடுவது இந்த இடைவெளியைத்தான். 1.2 பார் பூஸ்டில் 4.2 இருக்க வேண்டிய இடத்தில் 3.7 இருந்தால், இன்ஜெக்டருக்கு மிஞ்சும் வேறுபாடு 2.5 மட்டுமே. ஓட்டம் அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால் பெட்ரோல் ஏறத்தாழ 9 விழுக்காடு குறையும், 0.80 லாம்டாவுக்கு வைத்த எஞ்சின் 0.88இல் ஓடும். இதை இன்ஜெக்டரின் திறப்பு நேரத்தைக் கூட்டி மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அது பம்பு, வடிகட்டி, கம்பி ஆகியவற்றுள் ஒன்றில் உள்ள குறையை மூடிவைப்பதாகும். வெயில் கூடிய ஒரு நாளில் அதே குறை இன்னும் பெரிதாகித் திரும்பும்.

பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷன் கார்களில், அதாவது இன்று நம் சாலைகளில் ஓடும் புதிய டர்போ கார்களில் பெரும்பாலானவற்றில், கலனிலுள்ள பம்பு தருவதை கேம் தண்டால் இயங்கும் உயரழுத்தப் பம்பு 150, 200 பார் அல்லது அதற்கும் மேலாக உயர்த்துகிறது. இங்கே ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாய்) அழுத்தத்தின் இலக்கையும் உண்மை அளவையும் ஒப்பிடுங்கள். மேல் வேகத்தில் உண்மை அளவு பின்தங்கினால் அதுவே எல்லை. ஐந்தாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ வைத்திருப்போர் கேமுக்கும் அந்தப் பம்புக்கும் இடையிலுள்ள, 'கேம் ஃபாலோயர்' எனப்படும் சிறு கிண்ணம் தேய்ந்திருக்கிறதா என்று கழற்றிப் பார்த்துவிட்டே மேற்கொண்டு செல்ல வேண்டும்.

டியூன் செய்தல்

லாம்டாவை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரை டர்போவுக்குப் பின்னால், நுனி கீழ்நோக்கியவாறு சாய்வாகப் பொருத்துங்கள். நீர்த்துளி தேங்கினால் சென்சார் உடையும். புகைக்குழாயில் கசிவு இருந்தால் கலவை மெலிந்ததாகப் பொய்யாகக் காட்டும்.

கணினியில் முதலில் இன்ஜெக்டரின் அளவையும், ஒவ்வொரு வோல்ட்டுக்குமான திறப்புத் தாமதத்தையும் தயாரிப்பாளர் தந்த அட்டவணையிலிருந்து நிரப்புங்கள். தாமதம் தவறாக இருந்தால் குளிர்சாதனம் ஓடும்போது ஒரு கலவையும் ஓடாதபோது வேறு கலவையும் வரும். அதைத் திருத்துவதாக எண்ணி எரிபொருள் அட்டவணை முழுவதையும் கெடுத்துவிடுவார்கள். பிறகு ஐடில், அடுத்துச் சீரான ஓட்டம். இரண்டிலும் லாம்டா 1, கணினி தானே செய்யும் நீண்டகாலத் திருத்தம் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அதன் பிறகே வேஸ்ட்கேட் (பூஸ்டை மட்டுப்படுத்தும் வால்வு) சுருள்வில்லின் குறைந்த பூஸ்டில் தொடங்கி, டைனோவில் (கார் நின்றபடியே சக்கரங்களைச் சுழலவிட்டுத் திறனை அளக்கும் கருவியில்) படிப்படியாக ஏற்றுங்கள். முழு பூஸ்டில் 0.78 முதல் 0.82 வரை வைப்பது பாதுகாப்பானது. இக்னிஷன் கோணத்தைக் கலவை நிலைத்த பிறகே தொடுங்கள். எரிபொருள் அழுத்தம் குறைந்தால் பூஸ்டைத் தானே துண்டிக்கும் எல்லையைக் கணினி அனுமதித்தால் கட்டாயம் போட்டுவையுங்கள். விரைவுச்சாலையில் முழு பூஸ்ட் சோதனை வேண்டவே வேண்டாம்.

எந்தப் பெட்ரோலுக்கு டியூன் செய்வது என்பதை ஓட்டுபவரின் பழக்கம் முடிவு செய்ய வேண்டும். இங்கே 98 ஆக்டேன் (நாக் எழாமல் தாங்கும் திறனின் எண்) பெட்ரோல் எளிதாகக் கிடைக்கிறது. 85 விழுக்காடு வரை எத்தனால் கலந்த இ85 நம் நிலையங்களில் விற்கப்படுவதில்லை. மலேசியாவில் வெளிநாட்டுப் பதிவெண் கார்களுக்கு 95 கிடையாது, பெரும்பாலும் 97தான் நிரப்புவோம். செப்பாங் பந்தயத் தடத்துக்குச் சென்று அங்கே கலனை நிரப்புபவர், 97ஐக் கலனில் ஊற்றி, மதிய வெயிலில், உள்ளிழுக்கும் காற்று 60 டிகிரிக்கு ஏறிய நிலையிலும் நாக் எழாத கோணத்தையே ஏற்க வேண்டும். இரவு நேரக் குளிர்ச்சியில் 98ஐக் கொண்டு டைனோவில் எடுத்த உச்ச எண் அவருக்குப் பயன்படாது.

முதல் இரண்டு மூன்று கலன் பெட்ரோல் தீர்ந்ததும் வடிகட்டியை மாற்றி, அடிப்படை அழுத்தத்தை மீண்டும் அளந்து, பம்பின் கனெக்டரைத் தொட்டுச் சூட்டைப் பார்த்து, அதே எட்டு அளவுகளையும் மறுபடி பதிவு செய்து முதல் பதிவின் அருகில் வைத்துப் பாருங்கள். அழுத்தக் கோடு பூஸ்ட் கோட்டோடு ஒட்டிச் செல்லும்வரை பூஸ்டை மேலும் ஏற்ற வேண்டாம்.