வீட்டுக்குள் கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுப்பது எப்படி?

சிங்கப்பூரின் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அறைக்கு அறை நெட்வொர்க் பாயிண்ட் கிடையாது. ரூட்டரிலிருந்து படுக்கையறைக்கு ஒரு லைன் வேண்டுமென்றால் நாமே இழுக்கலாம். ஆனால் ஃபைபர் டெர்மினேஷன் பாயிண்டை, அதாவது வெளியிலிருந்து வரும் ஃபைபர் இணைய இழை வந்து முடியும் பெட்டியை, தொட வேண்டாம். அது ஃபைபர் கட்டமைப்பை வைத்திருக்கும் நெட்லிங்க் நிறுவனத்தின் சொத்து. அதோடு ஃபைபரில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது. முனையை உற்றுப் பார்ப்பது ஆபத்து.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பாகக் கேட்டு வாங்குங்கள். மின்னணுப் பொருள் கடைகள் இருக்கும் சிம் லிம் டவரில் சுற்றினால் மீட்டர் கணக்கிலேயே வெட்டித் தருவார்கள். ஓர் இழையின் பிளாஸ்டிக்கை உரித்துக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கும் கேமராவுக்கு அது ஆகவே ஆகாது, சூடேறும்.

சுவரில் டிரில் வைக்கும் முன் டிபி பாக்ஸில் (வீட்டின் மின்விநியோகப் பெட்டி) அந்தச் சுவரில் ஓடும் சர்க்யூட்டை அணைத்துவிடுங்கள். உள்ளே ஓடுவது 230 வோல்ட். சுவிட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே துளைக்காதீர்கள். பாம் ஷெல்டர் (வீட்டுக்குள் இருக்கும் குண்டு பாதுகாப்பு அறை) சுவரைத் துளைத்துக் கேபிள் கொண்டுபோகவே கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

மின்கம்பி போகும் டிரங்கிங்கில் (கம்பிகளை மூடிக் கொண்டுபோகும் நீளப் பெட்டி) நெட்வொர்க் கேபிளைச் சேர்த்துத் திணிக்காதீர்கள். குறுக்கே போயே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். இழுக்கும்போது சிக்கினால் பலம் காட்ட வேண்டாம். கேபிள் தாங்கும் இழுவிசை சுமார் 11 கிலோதான். வளைவு கேபிள் தடிமனைப் போல் 4 மடங்கு ஆரமாவது இருக்கட்டும். கட்டுவதற்கு வெல்க்ரோ போதும், பிளாஸ்டிக் டை இறுகி நசுக்கிவிடும். கேபிள் நீளத்துக்கு 90 மீட்டர் வரம்பு உண்டு, ஆனால் வீட்டுக்குள் அந்தக் கவலை வராது.

சரி, இப்போது முனை. மேலுறையை உரிக்கும்போது உள் இழையில் பிளேடு பட்டால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள். இழைகளை நிறப்படி அடுக்கும் முறைகளில் ஒன்றான 568பி வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. சுவர்ப் பாயிண்டில் பொருத்தும் கீஸ்டோன் ஜாக்கில் ஒட்டியிருக்கும் படத்தில் ‘பி’ வரிசையைப் பார்த்து பஞ்ச் டவுன் டூலால் (இழையை ஜாக்கில் அழுத்திப் பதிக்கும் கருவி) அழுத்துங்கள். இரண்டு முனையிலும் அதே வரிசைதான். ஜோடி இழைகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. குறுக்கீட்டைத் தடுப்பதே அந்த முறுக்குதான்.

பச்சையும் வெள்ளை-பச்சையும் ஏன் அடுத்தடுத்து இல்லை என்று தோன்றும். 3-ஆவது, 6-ஆவது பின்கள் ஒரு ஜோடி, அதனால்தான். நிறங்களை அழகாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவிட்டால், மலிவான டெஸ்டரில் 8 விளக்கும் வரிசையாக எரியும், வேகம் மட்டும் வராது. அதனால் விளக்கை மட்டும் நம்பாமல், கணினியை இணைத்து 1 கிகாபிட் காட்டுகிறதா, பெரிய கோப்பைப் பிரதி எடுக்கும்போதும் அந்த வேகம் நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இரு முனையிலும் லேபிள் ஒட்டிவிட்டு ஃபேஸ்பிளேட்டை மூடுங்கள்.