மெய்நிகர் உலகம் நடத்துகிறீர்களா? குடியிருப்பவர்களோடு பேசும் முறை, படிப்படியாக

லுவான்டி, ஓப்பன்சிமுலேட்டர் போன்ற இலவச மென்பொருளை வாடகை சர்வரில் ஏற்றி, பாளையங்கோட்டை மாடி அறை ஒன்றிலிருந்து நாலு பேர் ஒரு மெய்நிகர் உலகத்தை, அதாவது பலர் இணையம் வழியே நுழைந்து நடமாடவும் கட்டவும் முடிகிற கணினி உலகத்தை, திறந்துவிடலாம். அது இன்று பெரிய காரியமில்லை. தாமிரபரணிக் கரையும் நான்கு ரத வீதியும் கட்டியாயிற்று, இருநூறு பேர் வந்து வீடும் கடையும் போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

கடைக்கு வந்து போகிறவர் வேறு, மனை பிடித்து வீடு கட்டியவர் வேறு. நீங்கள் எந்த அறிவிப்பைப் போட்டாலும் வீடு கட்டியவர் அதில் தேடுவது ஒன்றைத்தான்: "அண்ணாச்சி, என் வீடு என்ன ஆகும்?" அதற்குப் பதில் இல்லாத அறிவிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் வீண். கீழே வரும் எல்லாப் படிகளிலும் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பேசுவது யார் என்று தெரியட்டும்

2003-இல் செகண்ட் லைஃப் உலகத்தைத் திறந்த லிண்டன் லேப் நிறுவனம், தன் ஊழியர்களின் அவதார்களுக்கு (உலகத்துக்குள் நடமாடும் உருவங்களுக்கு) 'லிண்டன்' என்ற கடைசிப் பெயரை வைத்தது. குடியிருப்பவர் யாரும் அந்தப் பெயரை எடுக்க முடியாது. எதிரே நிற்பவர் நிறுவனத்து ஆளா இல்லையா என்பது பெயரைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். நீங்களும் ஒரு பின்பெயரைத் தேர்ந்து பூட்டிவிடுங்கள்.

தமிழ்ப் பெயர்களை அனுமதித்தால் இன்னொரு வேலையும் உண்டு. 'கொ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம், அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, சர்வருக்கு இரண்டு வேறு பெயர்கள். அட்மின் பெயரில் 'கொ' இருந்தால் அப்படியே இன்னொரு கணக்கைத் திறந்து நிலம் விற்க ஒரு ஆள் வந்துவிடுவான். பெயரைச் சேமிக்கும் முன் யூனிகோடு இயல்பாக்கம் செய்தால், அதாவது இந்த இரண்டு விதத்தையும் ஒரே விதமாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றினால், இது தீரும். தீராதவையும் உண்டு. க என்ற எழுத்தும் ௧ என்ற தமிழ் எண்ணும், உ-வும் ௨-உம், அ-வும் ௮-உம் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்று. பெயரில் தமிழ் எண்களையே தடை செய்யுங்கள். 'கௌ' என்பதை 'கெ', 'ள' என்று பிரித்து எழுதும் தந்திரத்தை இயல்பாக்கம் பிடிக்காது. புதுப் பெயரைப் பழையவற்றோடு ஒப்பிடும்போது இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதும்படி நீங்களே ஒரு விதி எழுத வேண்டும்.

குழுவில் உள்ளவர்கள் விளையாட வேறு அவதார் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் விளையாடும் அவதாரின் வாயிலிருந்து முடிவு எதுவும் வெளியே வரக்கூடாது. "அடுத்த மாசம் நிலவரி வருதுன்னு சொன்னாங்கலே" என்ற பேச்சு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

படி 2: மூன்று இடங்கள், அதில் ஒன்று வெளியே

அறிவிப்புக்கு மூன்று இடங்கள் வேண்டும். முதலாவது, உள்ளே நுழைந்ததும் தெரியும் வரவேற்புச் செய்தி. இதைத் தவறவிடுபவர் குறைவு, அதனால் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். இரண்டாவது, உலகத்துக்குள் மக்கள் கூடும் இடத்தில் ஒரு பலகை. மூன்றாவது, சர்வர் விழுந்தாலும் திறக்கும் நிலவரப் பக்கம், அதாவது உலகம் ஓடுகிறதா இல்லையா என்று சொல்லும் இணையப் பக்கம்.

மூன்றாவதை உலகம் ஓடும் அதே சர்வரில் வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. உலகம் விழுந்தால் பக்கமும் சேர்ந்து விழும். வேறு நிறுவனத்தின் வேறு சர்வரில் வையுங்கள். குழுவில் ஒருவராவது வேறு ஊரில் இருந்து அதில் எழுதும் அனுமதியோடு இருக்கட்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் மின்சாரமும் செல்போன் சிக்னலும் போனதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படி ஒரு நாளில் மும்பையில் நீங்கள் வாடகைக்கு எடுத்த சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், பேச ஆள்தான் இருக்காது.

வாட்ஸ்அப் குழு வேண்டாம். சேர்ந்தவர்களின் தொலைபேசி எண் மற்றவர்களுக்குத் தெரியும். பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கும் உலகத்தில் அது ஆபத்து. போதாக்குறைக்கு 1024 பேர்தான் உச்சம். சந்தாதாரரின் எண் மற்றவர்களுக்குத் தெரியாத வாட்ஸ்அப் சேனலோ டெலிகிராம் சேனலோ போதும்.

படி 3: நிறுத்தப்போகிறீர்கள் என்றால்

பராமரிப்புக்காகச் சர்வரை நிறுத்தும் முன் 72 மணி நேரத்துக்கு முன்பு ஒரு அறிவிப்பு, 24 மணி நேரத்துக்கு முன்பு இன்னொன்று, பிறகு 1 மணி நேரம், 15 நிமிடம், 5 நிமிடம், 1 நிமிடம். கடைசி நான்கும் உலகத்துக்குள் மட்டும் போதும்.

மாதிரி:

"ஜூன் 17, செவ்வாய், இந்திய நேரம் அதிகாலை 4.00 முதல் 6.00 வரை உலகம் மூடியிருக்கும். துபாயில் 2.30 முதல் 4.30, சிங்கப்பூரில் 6.30 முதல் 8.30. வீடு, கடை, பையில் உள்ள பொருள் எதுவும் மாறாது. 3.50-க்குப் பிறகு உள்ளே வர முடியாது. கட்டிக்கொண்டிருப்பவர்கள் 3.55-க்குள் முடித்துக்கொள்ளவும். 6.00 தாண்டினால் 6.05-க்கு அடுத்த செய்தி வரும்."

இதில் 'நாளை' என்ற சொல் இல்லை, கவனியுங்கள். திங்களன்று எழுதிய 'நாளை'யைச் செவ்வாயன்று படிப்பவர் புதன் என்று எடுத்துக்கொள்வார். '12 மணி' என்றும் எழுதாதீர்கள், அது பகலா இரவா என்று சாட்டில் சண்டை வரும். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மூர்க்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கமாட்டார்கள், நீங்களே போட்டுக் கொடுங்கள். அமெரிக்காவில் இருப்பவருக்கு அது இன்னும் திங்கள் மாலை. ஆள் நிறைய இருந்தால் அந்த நேரத்தையும் கிழமையோடு சேருங்கள்.

வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தனியாக ஒரு நகலில் ஓட்டிப் பாருங்கள். 40 நிமிடம் ஆனால் 2 மணி நேரம் என்று அறிவியுங்கள். சீக்கிரம் திறந்ததற்காக யாரும் திட்டப்போவதில்லை. லுவான்டியில் நிறுத்தும் கட்டளையோடு நொடிக் கணக்கைக் கொடுத்தால் (10 நிமிடத்துக்கு 600) மீதி நேரத்தை அதுவே சாட்டில் சொல்லிக்கொண்டு வரும். ஓப்பன்சிமுலேட்டரில் புதிய நுழைவை மட்டும் முதலில் அடைக்கத் தனிக் கட்டளை உண்டு.

உங்கள் உலகத்தில் ஆனித் தேரோட்டம் மாதிரி ஒரு விழா வைத்தால், ஒரு வாரம் முன்பிருந்தே எந்த அப்டேட்டும் போடாதீர்கள். அன்றுதான் ஒரே வீதியில் எல்லா அவதாரும் வந்து நிற்கும்.

படி 4: தானாக விழுந்துவிட்டால்

முதல் செய்தி 15 நிமிடத்துக்குள் போக வேண்டும். காரணம் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் காரணத்தை ஊரே கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

"மாலை 7.12 முதல் வடக்கு ரத வீதிப் பகுதிக்குள் நுழைய முடியவில்லை. காரணம் இன்னும் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம். மற்ற பகுதிகள் ஓடுகின்றன. வாங்குவது விற்பதைத் தற்போதைக்கு நிறுத்திவையுங்கள். அடுத்த செய்தி 7.45-க்கு."

7.45-க்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் 7.45-க்கு எழுதுங்கள். காரணத்தை ஊகித்து எழுதாதீர்கள். "ஹேக்கிங் போலத் தெரிகிறது" என்று ஒரு வரி போட்டுப் பிறகு டிஸ்க் நிரம்பியதுதான் காரணம் என்றால் அடுத்த முறை யார் நம்புவார்?

பேக்கப்பிலிருந்து மீட்பதுதான் மிகவும் கவனமாகப் பேச வேண்டிய இடம். கடைசி பேக்கப் அதிகாலை 3.00, விழுந்தது மாலை 7.12 என்றால் 16 மணி 12 நிமிட வேலை போய்விடும். இதை முழுதாகச் சொல்லுங்கள். "சில மாற்றங்கள் இழக்கப்பட்டிருக்கலாம்" என்பது பதில் இல்லை.

இங்கே தொழில்நுட்பத் தவறு ஒன்று பேச்சுத் தவறாக மாறும். லுவான்டியில் நிலமும் அதில் உள்ள வீடு, பெட்டிகளும் ஒரு கோப்பிலும், ஆட்களின் பை, அதாவது அவர்கள் கையோடு வைத்திருக்கும் பொருள்கள், இன்னொரு கோப்பிலும் இருக்கிறது. நிலத்தை மட்டும் காலை நிலைக்குக் கொண்டுபோய், பையை அப்படியே விட்டால், மதியம் பெட்டியிலிருந்து எடுத்த தங்கம் பெட்டியிலும் இருக்கும், பையிலும் இருக்கும். மாறாக, மதியம் பெட்டியில் போட்டு வைத்தவருக்கு இரண்டு இடத்திலும் இருக்காது. ஒருவருக்கு இரட்டிப்பு, இன்னொருவருக்குச் சுழியம். இதன் பிறகு என்ன அறிவிப்பு எழுதினாலும் எடுபடாது. இரண்டு கோப்பையும் ஒரே நேரத்தில் பேக்கப் எடுத்து ஒரே நேரத்துக்கு மீட்டெடுங்கள். உண்மைப் பணம் கொடுத்து இடையில் வாங்கியவர்களின் பட்டியலைக் கட்டணப் பதிவிலிருந்து எடுத்து, அவர்கள் கேட்கும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

படி 5: விலையும் விதியும் மாறும்போது

சர்வர் விழுந்ததை மக்கள் ஒரு வாரத்தில் மறப்பார்கள். விலை ஏறியதைப் பத்து ஆண்டு நினைவு வைத்திருப்பார்கள்.

செகண்ட் லைஃப் தொடங்கிய 2003-இலேயே, கட்டிய பொருள் ஒவ்வொன்றுக்கும் உலகத்துக்குள் வரி வசூலித்தார்கள். அதிகமாகக் கட்டி ஊரை அழகாக்கியவருக்குத்தான் அதிக வரி. கட்டியவர்கள் அமெரிக்கச் சுதந்திரப் போராட்ட பாணியில் தேயிலைப் பெட்டிகளை அடுக்கிப் போராடினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பொருள் வரி போய், நிலத்துக்குக் கட்டணம் என்ற முறை வந்தது.

2008 அக்டோபரில் இன்னொன்று. கடல், காடு போன்ற வெறும் வெளிக்காக விற்ற மலிவு நிலங்களில் ஜனங்கள் வீடு கட்டி வாடகைக்கும் விட்டுவிட்டார்கள், சர்வர் திணறியது. நிறுவனம் மாதக் கட்டணத்தை 75 டாலரிலிருந்து 125 டாலராக்குவதாக அறிவித்தது. காரணம் நியாயமானதுதான். ஆனால் விதிப்படி வெறும் கடலாகவே வைத்திருந்தவருக்கும் அதே ஏற்றம். எதிர்ப்புக்குப் பிறகு நிலத்தை வகை பிரித்து, ஏற்றத்தையும் கட்டம் கட்டமாக்கினார்கள். முதல் நாளே அப்படிப் பிரித்திருந்தால் பாதிச் சண்டை இல்லை.

2011 ஜூனில் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டு உலகத்துக்கு நடந்தது வேறு வகை. அவதார் போட்டுக்கொள்ள சுமார் 60 டாலர் பெறுமான ஒற்றைக்கண் கண்ணாடி கடைக்கு வந்தது, கூடவே நிறுவனத்தின் உள்சுற்று இதழ் ஒன்று கசிந்தது. வெளியே ஒரு பேச்சு, உள்ளே ஒரு பேச்சு என்று ஆகிவிட்டது. ஜிட்டா என்ற சந்தை நட்சத்திர மண்டலத்தில் விண்கப்பல்கள் குவிந்து அங்குள்ள நினைவுச் சின்னத்தைச் சுட்டன. பயனர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று அந்த உலகத்தில் 2008 முதலே இருந்தது. அவர்களை ஐஸ்லாந்துக்கு அழைத்துப் பேசித்தான் நிலைமை தணியத் தொடங்கியது. அப்படி ஒரு குழு சண்டைக்கு முன்பே இருக்க வேண்டும். சண்டைக்கு நடுவில் அமைத்தால் கண்துடைப்பு என்பார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். முதல் பத்தியிலேயே எண்ணைச் சொல்லுங்கள்: பழைய கட்டணம், புதிய கட்டணம், தேதி. 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்த' என்று தொடங்கினால் மீதியை யாரும் படிக்கமாட்டார்கள். அடுத்தது காரணம், சர்வர் வாடகை எவ்வளவு ஏறியது என்ற எண்ணோடு. பிறகு, ஏற்கெனவே இருப்பவர்களுக்கு என்ன: பழைய விலை எத்தனை மாதம் தொடரும், வேண்டாம் என்று போகிறவருக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும். அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே குறைந்தது 60 நாள். போடுவதற்கு ஒரு வாரம் முன்பு, அதிக நிலம் வைத்திருப்பவர், புதிதாக வந்தவர், எப்போதும் குறை சொல்பவர் என்று ஐந்து பேரிடம் படிக்கக் கொடுங்கள். குறை சொல்பவர் காட்டும் ஓட்டைதான் பெரும்பாலும் சரியான ஓட்டை. வெள்ளிக்கிழமை மாலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். போட்டவுடன் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பதில் சொல்ல முடிகிற நேரமாகப் பாருங்கள்.

படி 6: கேட்கும் நேரம்

வாரம் ஒரு மணி நேரம் உலகத்துக்குள்ளேயே உட்காருங்கள். ஞாயிறு இரவு 8 மணி என்றால் துபாயில் 6.30, சிங்கப்பூரில் 10.30, எல்லோருக்கும் ஒத்துவரும். குரல் வேண்டாம், எழுத்துதான் நல்லது. முழுப் பேச்சையும் அப்படியே எடுத்துப் போடலாம், வராதவரும் படிப்பார். முதல் இருபது நிமிடம் முன்கூட்டியே வந்த ஐந்து கேள்விகள், பிறகு திறந்த பேச்சு. "பார்க்கிறோம்" என்று சொன்னதையெல்லாம் எழுதிவைத்து அடுத்த ஞாயிறு அதிலிருந்தே தொடங்குங்கள். மூன்று வாரம் அதே 'பார்க்கிறோம்' வந்தால் நான்காவது வாரம் ஆள் வராது.

படி 7: பக் (மென்பொருள் பிழை) புகார்

எங்கே, எப்போது, என்ன செய்தபோது, என்ன நடந்தது, திரும்பச் செய்தால் மறுபடி நடக்கிறதா. புகார்ப் படிவத்தில் இந்த ஐந்து கட்டம் போதும். 'சரிசெய்தோம்', 'ஏற்கெனவே வந்தது', 'இது இப்படித்தான் இயங்க வேண்டும்', 'செய்யப்போவதில்லை' என்ற முத்திரைகளில் ஒன்றைப் போட்டு மூடுங்கள். கடைசியைச் சொல்லத் தயங்கிப் புகாரை ஆண்டுக்கணக்கில் திறந்தே வைப்பது பொய் சொல்வதற்குச் சமம். பொருளை இரட்டிப்பாக்கும் ஓட்டை பற்றிய புகாருக்கு மட்டும் தனிப்பட்ட வழி வையுங்கள். அது பொதுவில் வந்தால் ராத்திரிக்குள் ஊரே கோடீஸ்வரர் ஆகிவிடும்.

படி 8: தடையும் திட்டும்

யாரை ஏன் வெளியேற்றினீர்கள் என்று பொதுவில் விவாதிக்காதீர்கள். அவருக்கு மட்டும் விதி எண், நடந்த நேரம், அவர் எழுதிய வரி, எத்தனை நாள், மேல்முறையீடு எங்கே என்று அனுப்புங்கள். இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் தொடர்பையும் வெளியிடச் சொல்கின்றன. புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் போக வேண்டும்.

கெட்ட வார்த்தை வடிகட்டியைத் தானாகத் தடை போடும்படி வைக்காதீர்கள். 'ஏலே', 'மூதி' இரண்டையும் அதில் சேர்த்தால் சாயங்காலத்துக்குள் திருநெல்வேலிக்காரர் ஒருவரும் மிஞ்சமாட்டார். அதே 'ஏலே' ஈழத்திலிருந்தோ கோவையிலிருந்தோ வந்தவருக்கு அவமானமாகப் படலாம். வடிகட்டி கொடி காட்டட்டும், முடிவை ஆள் எடுக்கட்டும். உங்கள் சொந்த அறிவிப்புகளில் வட்டார வழக்கு வேண்டாம். சாட்டில் தாராளமாகப் பேசுங்கள்.

படி 9: மூடுவதாக இருந்தால்

குறைந்தது 90 நாள் முன்பு சொல்லுங்கள். சொல்லும் அதே நிமிடத்தில் நிலம் விற்பதையும் பணம் வாங்குவதையும் நிறுத்திவிட வேண்டும், கட்டணப் பொத்தானை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு அறிவிப்பைப் போடுங்கள். ஓப்பன்சிமுலேட்டரில் ஒரு பகுதி முழுவதையும் ஒரே கோப்பாகவும், ஒருவரின் பையை இன்னொரு கோப்பாகவும் எடுக்க முடியும். கட்டியவர் கேட்டால் அவர் கட்டியதை அவரிடம் கொடுங்கள். அடுத்தவர் செய்த பொருள் அதற்குள் இருந்தால் செய்தவரின் அனுமதி வேண்டும், அதைக் கேட்டு வாங்கவே ஒரு மாதம் ஓடிவிடும். நிலவரப் பக்கத்தை மட்டும் மூடிய பிறகும் ஆறு மாதம் வைத்திருங்கள், "என் வீடு என்ன ஆச்சு" என்று யாராவது வந்துகொண்டுதான் இருப்பார்கள்.