ஷார்ட் ட்ராக் ஸ்கேட்டர் ஆக வேண்டுமா? முதலில் விழப் பழகுங்கள்

ஐஸ் மேல் வேகமாகப் போகத் தெரிந்தால் போதும், ஷார்ட் ட்ராக்கில் சாதித்துவிடலாம் என்று நினைத்து வருகிறவர்கள்தான் அதிகம். ஆனால் கடிகாரத்தைப் பார்த்துப் பதக்கம் கொடுப்பது 400 மீட்டர் ட்ராக்கில் நடக்கிற இன்னொரு ஸ்கேட்டிங் விளையாட்டு. இங்கே ட்ராக் 111.12 மீட்டர்தான். ஐஸ் ஹாக்கி ரிங்குக்குள்ளேயே அடங்கிவிடும். நாலைந்து பேர் ஒன்றாகக் கிளம்புவார்கள், யாருடைய பிளேடு முனை முதலில் கோட்டைத் தாண்டுகிறதோ அவர் ஜெயித்தார், அவ்வளவுதான். 500 மீட்டருக்கு நாலரைச் சுற்று, 1500க்குப் பதின்மூன்றரை. நேர்ப்பாதை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், மற்றதெல்லாம் வளைவு, அதுவும் எப்போதும் இடப்பக்கம்.

ஐஸ் ரிங்க் கிடைக்கவில்லையென்றால், சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கிற இன்லைன் ஸ்கேட்டில் தொடங்குங்கள். எட்டு ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய அபோலோ ஓனோவே சக்கரத்தில் உருண்டுவிட்டுத்தான் ஐஸுக்கு வந்தார். அப்புறம் ஒரு கிளப், ஒரு கோச். தனியாகப் பழகி இதில் மேலே வர வழியே இல்லை, ஏனென்றால் பக்கத்தில் ஆள் உரசிக்கொண்டு வரும்போது என்ன செய்வது என்பதுதான் பாதிப் பாடம்.

ஷூவில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பாதத்தின் அச்சில் வார்த்த கடினமான பூட், உள்ளே பெரும்பாலும் மெல்லிய சாக்ஸ், சிலர் வெறுங்காலோடேயே போடுவார்கள். இரண்டு காலிலும் பிளேடு நடுவில் இருக்காது, இடப்பக்கம் தள்ளி மாட்டியிருக்கும், உடம்பைச் சாய்க்கும்போது பூட் ஐஸில் உரசாமல் இருக்க. பிளேடும் லேசாக இடப்பக்கம் வளைந்திருக்கும். தீட்டுவதை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு பிளேடையும் ஜிக் என்கிற பிடிச்சட்டத்தில் இறுக்கிப் பூட்டி, சாணைக்கல்லை மூலைவாட்டில் சீராக இழுத்து, விளிம்பில் நிற்கிற பிசிறைச் சின்னக் கல்லால் மெதுவாக எடுக்க வேண்டும். கூர்மை வந்துவிட்டதா என்று பார்க்க நகத்தை விளிம்பில் லேசாக இழுத்துப் பாருங்கள், மாவு மாதிரி வெள்ளையாகச் சீவி வந்தால் சரி, வழுக்கினால் இன்னொரு தடவை உட்காருங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் மொட்டை பிளேடோடு வளைவில் சாய்ந்தால் அடுத்த நொடி நீங்கள் தடுப்பு மெத்தையில் இருப்பீர்கள்.

வளைவில் அகலமாக நுழைந்து, உள்ளே இறங்கி, வளைவைக் குறிக்க ஐஸில் வைத்திருக்கிற கறுப்புக் கட்டைகளை ஒட்டி வெளியே வர வேண்டும். வலது காலை இடதுக்கு மேல் குறுக்கே போட்டு அழுத்தும்போது இடது கை விரல் நுனி ஐஸைத் தொட்டுக்கொண்டே போகும், அதற்காகவே அந்தக் கையுறையின் நுனிகளில் கெட்டியான பூச்சு வைத்திருப்பார்கள். கட்டைக்கு உள்பக்கமாகப் போனால் தகுதி நீக்கம். இந்தச் சாய்வைத் தரையிலேயே பழகலாம்: இடுப்பில் பெல்ட் கட்டி, மறுமுனையை ஒருவர் பிடிக்க, தொடை எரிய எரியக் குனிந்தபடியே பக்கவாட்டில் கால் மாற்றுவது. ஸ்கேட்டர்கள் எல்லோருக்கும் பிடிக்காத பயிற்சி இது. விடாமல் செய்யுங்கள்.

சரி, விழுவதற்கு வருவோம். விழுந்ததும் எழ முயலாதீர்கள், பிளேடை ஐஸிலிருந்து தூக்குங்கள், முழங்காலை மடக்குங்கள், மெத்தையில் முதுகோ இடுப்போ மோதுகிற மாதிரி திரும்புங்கள். நீட்டிய காலோடு மோதினால் எலும்பு தாங்காது. ஹெல்மெட், கழுத்துக் காப்பு, கத்தி கிழிக்காத உடை எதையும் பயிற்சிதானே என்று கழற்றி வைக்கக் கூடாது. ஆஸ்திரேலிய ஸ்கேட்டர் ஸ்டீவன் பிராட்பரிக்கு 1994இல் இன்னொருவர் பிளேடு தொடையைக் கிழித்து உயிர் போகிற அளவு ரத்தம் போனது, 2000இல் கழுத்து எலும்பு முறிந்தது.

அதே பிராட்பரிதான் 2002 ஒலிம்பிக்கில் 1000 மீட்டர் இறுதியில் கடைசியாக வந்துகொண்டிருந்தபோது, முன்னால் போன நாலு பேரும் கடைசி வளைவில் ஒன்றாகச் சரிய, நிதானமாகத் தாண்டிப் போய்த் தங்கம் வாங்கினார். எல்லோரும் அதிர்ஷ்டம் என்று சிரித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களோடு மல்லுக்கட்டத் தன் வேகம் போதாது என்று தெரிந்து, மோதல் நடக்கும் என்று கணக்குப் போட்டே பின்னால் நின்றார். முந்துகிறவர்தான் மோதலுக்குப் பொறுப்பு என்பது பொதுவான விதி, அதனால் முன்னால் போனால் பாதை உங்களுடையது, பின்னால் நின்றால் எதிர்காற்று குறைவு, தொடைக்குப் பலம் மிச்சம். எப்போது எது என்பதற்குப் பழைய ரேஸ் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

ரிலேயையும் ஒதுக்காதீர்கள். பின்னாலிருந்து இடுப்பில் கை வைத்துத் தள்ளி ஆள் மாற்றுவது தனிக் கலை, அணியில் இடம் கிடைக்க அதுவே பல பேருக்கு வாசல். இத்தாலியின் அரியானா ஃபோன்டானா 2006இல் 15 வயதில் முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியதே ரிலேயில்தான். 2022இல் 500 மீட்டரில் தங்கம் வாங்கும்போது அவருக்கு 31.

ஆனால் அவ்வளவு நீளமான காலம் எல்லோருக்கும் வாய்க்காது. வலுவான நாடுகளில் தேர்வுப் போட்டியே ஒலிம்பிக்கை விடக் கடினம்: 2006இல் கொரியாவுக்கு மூன்று தங்கம் வாங்கிய ஆன் ஹியூன் சூ, முழங்கால் காயத்துக்குப் பின் 2010 அணியில் இடம் பிடிக்க முடியாமல், ரஷ்யாவுக்குப் போய் விக்டர் ஆன் என்ற பெயரில் 2014இல் இன்னொரு மூன்று வாங்கினார். ஆகவே படிப்பை விடாதீர்கள், கைத்தொழில் ஒன்றும் இருக்கட்டும். பிராட்பரி போட்டியில் இருந்தபோதே ஸ்கேட் பூட் செய்து விற்றார். பிளேடு தீட்டத் தெரிந்தவருக்குக் கிளப்புகளில் எப்போதும் வேலை உண்டு, கோச்சாகவோ நடுவராகவோ போகலாம். அதற்கான சான்றிதழ் படிப்பைக் கால் ஓடுகிற காலத்திலேயே முடித்து வையுங்கள்.