வாடிக்கையாளரின் செல்பேசி எண்: வணிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜவுளிக்கடையானாலும் மருந்துக்கடையானாலும், பில் போடும் இடத்துக்கு வந்து நின்றவுடன் தொகையைச் சொல்வதற்கு முன்பே "மொபைல் நம்பர் சொல்லுங்க" என்ற கேள்வி வந்துவிடுகிறது. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் அனைவரின் காதிலும் விழும்படி வாடிக்கையாளர் பத்து இலக்கங்களையும் சொல்ல, அவை கடையின் கணினியில் பதிவாகின்றன. அப்படிப் பதிவான எண்ணைத் தம் கையிருப்புச் சரக்கைப்போல விருப்பப்படி பயன்படுத்தலாம் என்று வணிகர்கள் பலர் நம்புகிறார்கள். மற்றத் தவறுகள் பெரும்பாலும் இந்த நம்பிக்கையிலிருந்தே கிளைக்கின்றன.

தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் அதற்கான விதிகள் அறிவிக்கப்பட்டன. வணிகர்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அறிவிப்பிலிருந்து 18 மாதங்கள், அதாவது 2027 மே மாதம் வரை, அவகாசம் தரப்பட்டது. இந்த அவகாசத்தைக் காட்டி எதையும் தொடங்காமல் இருப்பது பெருந்தவறு. வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்டத்தின் அனுமதியின்றிப் பிறருக்குத் தருவதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏற்கெனவே நேர்மையற்ற வணிக நடைமுறையாக வரையறுத்திருக்கிறது. செல்பேசி எண் தந்தால்தான் பொருள் என்று வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2023 மே மாதத்திலேயே சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது.

"நம்பர் இல்லாம பில் போட முடியாது சார், சிஸ்டம் எடுக்காது" என்று கவுன்டரில் இருப்பவர் சொல்வது பெரும்பாலும் பொய்யன்று. அந்த மென்பொருள் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கும். ஆனால் அதைச் சட்டத்தின் கட்டளை என்று எடுத்துக்கொள்வது தவறு. ஜிஎஸ்டி விதிகளின்படி, பதிவு பெறாத சாதாரண வாடிக்கையாளருக்குத் தரும் பில்லில், பொருளின் மதிப்பு 50,000 ரூபாயை எட்டும்போதுதான் அவருடைய பெயரும் முகவரியும் கட்டாயமாகின்றன. அப்போதும்கூட அந்த விதி செல்பேசி எண்ணைக் கேட்பதில்லை. ஆகவே மென்பொருள் வழங்கியவரை அழைத்து, எண்ணுக்கான கட்டத்தை விருப்பத்துக்குரியதாக மாற்றச் சொல்வதே உரிமையாளர் முதலில் செய்ய வேண்டியது. அதைச் செய்யாமல், வாடிக்கையாளரிடம் வாக்குவாதம் செய்யும் பொறுப்பைச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியரின் தலையில் கட்டுவது நியாயமாகாது.

ஒரு காரியத்துக்காக வாங்கிய எண்ணை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்துவதுதான் எங்கும் பரவியிருக்கும் தவறு. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமே இதற்கு ஒரு மருந்துக்கடையை எடுத்துக்காட்டாகத் தருகிறது: மருந்து வாங்கியவர் பணம் பெற்றுக்கொண்டதற்கான ரசீதைத் தம் செல்பேசிக்கு அனுப்பச் சொல்லித் தாமாக எண்ணைக் கொடுத்தால், அந்த ரசீதை அனுப்பும் அளவுக்குக் கடை அவ்வெண்ணைப் பயன்படுத்தலாம். மறுமாதம் "உங்கள் சர்க்கரை மாத்திரைக்கு 15 சதவீதத் தள்ளுபடி" என்று அதே எண்ணுக்குச் செய்தி அனுப்ப வேண்டுமானால் அதற்குத் தனியே ஒப்புதல் பெற வேண்டும். வாங்கிய மருந்தின் பெயரைக் கொண்டே ஒருவருக்கு என்ன நோய் என்று சொல்லிவிடலாம். குடும்பத்தில் ஒரே செல்பேசியைப் பலர் எடுத்துப் பார்க்கும் வீடுகளில், மனநல மருந்தோ கருத்தடை மாத்திரையோ வாங்கியவருக்கு இத்தகைய ஒரு குறுஞ்செய்தி எத்தனை துன்பத்தைக் கொண்டுவரும் என்பதை அனுப்புகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. சலுகை அறிவிப்புக்காக வாடிக்கையாளர்கள் அனைவரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு பெண்ணின் எண்ணைக் கடையே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.

ஒப்புதல் பெறும் முறையிலும் பிழைகள் நேர்கின்றன. முன்கூட்டியே டிக் போடப்பட்ட கட்டமோ, எவரும் படிக்காத இருபது பக்க ஆங்கில நிபந்தனையோ ஒப்புதல் ஆகிவிடாது. ஒப்புதல் கோரும் வாசகத்தை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்கிறது சட்டம். தமிழும் அவற்றில் ஒன்று. ஒப்புதலைக் கொடுத்தது எவ்வளவு எளிதோ, அதே அளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். சேர்வதற்கு ஒரே ஒரு தொடுதல், விலகுவதற்கு மட்டும் அலுவலக நேரத்தில் தொலைபேசியில் காத்திருத்தல் என்ற ஏற்பாடு இந்தக் கடமைகள் நடைமுறைக்கு வந்தபின் செல்லாது.

விடுதிகளில் தங்க வருபவரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது அவசியம்தான். ஆனால் ஆதார் அட்டையை வரவேற்பறை ஊழியர் தம் சொந்தச் செல்பேசியில் படம் பிடித்து, மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஆபத்தான வழக்கம். அந்த ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது நூற்றுக்கணக்கானோரின் ஆதார் படங்களும் அவருடன் போகின்றன. ஒப்பந்தத்தின் பேரில் தனியார் நிறுவனங்கள் ஆதார் வழிச் சரிபார்ப்பைக் கோர இடமளித்த சட்டப் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018இலேயே நீக்கிவிட்டது. ஆகவே வாக்காளர் அட்டையையோ ஓட்டுநர் உரிமத்தையோ, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரையோ ஏற்றுக்கொள்ளலாம்.

குறுஞ்செய்தி அனுப்பும் வேலையை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால் பொறுப்பும் அவர்களுடையதே என்று எண்ணுவது மற்றொரு தவறு. தரவு அங்கிருந்து கசிந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் வாடிக்கையாளரிடமிருந்து அதைப் பெற்றவரே. கசிவு நேர்ந்தால் மூடி மறைக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும்: பாதிக்கப்பட்டவர்களுக்கும், இச்சட்டத்தின் மீறல்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றித் தெரிவித்து, 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்கு விரிவான விவரம் தர வேண்டும். உரிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாததற்கு 250 கோடி ரூபாய் வரையிலும், கசிவைத் தெரிவிக்காததற்கு 200 கோடி ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கப்படலாம். இவை உச்ச வரம்புகள். குற்றத்தின் தன்மையையும் அளவையும் பார்த்தே வாரியம் முடிவெடுக்கும். இந்த அபராதப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறதே தவிர, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்க இச்சட்டத்தில் வழியில்லை என்பதைப் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

டியூஷன் மையங்களும் விளையாட்டுப் பயிற்சியகங்களும் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். 18 வயது நிறையாத அனைவரும் இச்சட்டத்தின் பார்வையில் குழந்தைகளே; சில விலக்குகள் தவிர, பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்க்கத்தக்க முறையில் பெறாமல் அவர்களுடைய தரவைக் கையாளக் கூடாது.

எஞ்சியிருப்பது பழைய பட்டியல். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக் குலுக்கலிலும் கூப்பனில் எழுதி வாங்கிய பெயர், எண், பிறந்த நாள், திருமண நாள் எல்லாம் காகிதத்தில் இருக்கும்வரை இச்சட்டத்துக்குள் வருவதில்லை. கணினியில் ஏற்றிய கணமே வந்துவிடுகின்றன. குலுக்கல் முடிந்து பரிசும் கொடுத்தாகிவிட்டால் அவற்றை வைத்திருக்கக் காரணமில்லை, அழித்துவிடலாம். ஜிஎஸ்டி கணக்குக்குரிய பில்களை மட்டும், அந்த ஆண்டின் வருடாந்திரக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை வைத்திருக்க வேண்டும் என்பதால், அழிப்பதற்கு முன் உங்கள் கணக்காளரிடம் கேட்டு இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.