சிங்கப்பூர்ச் சமையற்கட்டில் அடிபட்டால்: புதிதாக வரும் தம்பிகளுக்கு

இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்தே சமையற்காரர்களை வேலை அனுமதியில் (வொர்க் பெர்மிட்) எடுக்கலாம் என்று 2023 செப்டம்பரில் சிங்கப்பூர் வழிவிட்டதிலிருந்து, லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் எப்போது போனாலும் புதுமுகங்கள். பரோட்டா மாஸ்டர், சரக்கு மாஸ்டர், தோசை மாஸ்டர் என்று தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பிள்ளைகள். ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்யவும் பெட்டி தூக்கவும் வருகிறவர்களும் உண்டு. மாதச் சம்பளம் 2,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) குறையக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. கை வெந்தால், எலும்பு முறிந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். பணம் வாங்கிய ஏஜென்ட் அதைச் சொல்வதில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது நடப்பில் இருப்பது 2020 செப்டம்பர் 1 முதல் அமலில் உள்ள வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம். வெளிநாட்டவர், உள்ளூர்க்காரர் என்ற வேறுபாடு இதில் கிடையாது. வீட்டுப் பணிப்பெண்கள் இதற்குள் வரமாட்டார்கள். தவறு யாருடையது என்று கேட்பதில்லை. தரையில் எண்ணெயைச் சிந்தியது நீங்களே என்றாலும் உரிமை உண்டு. மருத்துவ விடுப்புக்கு, வெளிநோயாளி என்றால் 14 நாள் வரையும் மருத்துவமனை விடுப்பு என்றால் 60 நாள் வரையும் முழுச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்து ஓராண்டு வரை. சிகிச்சைச் செலவு, 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு, 53,000 வெள்ளி அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அதுவரை. நிரந்தர ஊனம் ஏற்பட்டால் சம்பளம், வயது, ஊன விழுக்காடு மூன்றையும் வைத்துத் தனித்தொகை கணக்கிடுவார்கள். அதன் உச்சவரம்பு 346,000 வெள்ளி. இதற்கு வக்கீல் தேவையில்லை. விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோரிக்கை போட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். உடலுழைப்பு வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் முதலாளி காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். காப்பீடு ஒழுங்காக இருந்தால் பணம் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வருகிறது, முதலாளியின் கல்லாப்பெட்டியிலிருந்து அல்ல. நம் ஆட்கள் இதை நம்புவதே இல்லை. "பாவம், கடன் வாங்கிக் கடை போட்டிருக்கிறார், அவரிடம் போய் எப்படிக் கேட்பது" என்று இரக்கப்படுகிறார்கள். இரக்கம் நல்ல குணம்தான். அதைக் காட்டுவதற்கு இது இடமில்லை.

இனி, நான் இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணம்.

என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த தம்பி ஒருவன், மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளை. கடை அடைக்கும் நேரத்தில், கழுவிவிட்ட ஈரத் தரையில் சாம்பார் அண்டாவோடு வழுக்கி விழுந்தான். இடது மணிக்கட்டு முறிந்தது, தொடை வெந்துபோனது. சமையற்கட்டை மேற்பார்க்கும் ஆளும் அதே மாவட்டக்காரர்தான். தம்பி அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். அந்த அண்ணன் டாக்சியில் ஏற்றிக்கொண்டு போகும் வழியிலேயே பாடம் நடத்தினார். "கடையில் விழுந்தேன் என்று சொல்லிவிடாதே. மனிதவள அமைச்சிலிருந்து வருவார்கள், கடைக்குத் தொல்லை, உன் பெர்மிட்டும் போகும். தங்கும் அறையில் குளிக்கப் போனபோது வழுக்கி வெந்நீர் கொட்டிவிட்டது என்று சொல். செலவை எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." கிளினிக்கில் தம்பியைப் பேசவே விடவில்லை. அவரே ஆங்கிலத்தில் சொன்னார், மருத்துவர் எழுதிக்கொண்டார். அங்கிருந்து மருத்துவமனைக்குக் கொடுத்த கடிதத்திலும் அதே வரி ஏறியது.

ஊரில் இதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முதலாளி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார், பில் கட்டுவார், கையில் கொஞ்சம் பணம் கொடுப்பார், ஊர்ப் பெரியவர் ஒருவர் பேசி முடித்துவைப்பார். ஆனால் விபத்து என்றால் நம் ஜி.எச்.சில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டுக் குறிப்பு) போடுவார்கள் அல்லவா? அடி எங்கே, எப்படிப் பட்டது என்று அதில் எழுதியதை வைத்துத்தான் பிறகு எல்லாம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். இங்கே முதல் மருத்துவர் எழுதும் அந்த ஒரு வரிக்கும் அதே கனம்.

முதல் மாதச் சம்பளம் வந்தது. கட்டுப் பிரித்த பிறகு மணிக்கட்டு திரும்பவில்லை, தொடர்ந்து சிகிச்சை வேண்டும் என்றார்கள். அப்போதுதான் முதலாளியின் குரல் மாறியது: "அறையில் விழுந்ததற்குக் கடை எப்படிப் பொறுப்பாகும்?" தம்பி தானே அமைச்சில் கோரிக்கை போட்டான். காப்பீட்டு நிறுவனம் முதலில் எடுத்துக் காட்டியது அந்தக் கிளினிக் குறிப்பைத்தான். கேமராப் பதிவு அதற்குள் அழிந்திருந்தது. உடன் வேலை பார்த்தவர்களின் பெர்மிட்டும் அதே முதலாளியின் கையில். வாய் திறக்க ஆளில்லை. ஊரில் வட்டி ஏறிக்கொண்டே போனது. போராடிப் பார்த்துவிட்டு, கோரிக்கை முடியுமுன்பே விமானம் ஏறிவிட்டான். பரோட்டா வீசுவதில் அவனுக்கு நிகரான கையை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. அந்தக் கை இப்போது முழுதாகத் திரும்பாது. பொய் சொல்லச் சொன்ன அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே, மருத்துவரிடம் நீங்களே பேசுங்கள். கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆங்கிலம் வராவிட்டால் 'வொர்க் ஆக்சிடென்ட், கிச்சன்' என்று மூன்று சொற்களைச் சொல்லுங்கள், போதும். தமிழ் இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. தமிழ் பேசும் தாதி இருக்கிறாரா என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். ஏற்கெனவே மாற்றிச் சொல்லியிருந்தால், அடுத்த முறை பார்க்கும்போதே உண்மையைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள், அமைச்சுக்கும் உடனே தெரிவியுங்கள். நாள் போகப் போக உங்கள் சொல்லுக்கு மதிப்புக் குறையும்.

விழுந்த இடத்தைப் படம் எடுங்கள். முதலாளிக்கு அன்றே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். வாயால் சொன்னது நிற்காது. மருத்துவ விடுப்பு ஒரு நாள் கொடுத்திருந்தாலும், லைட் டியூட்டி மட்டுமே கொடுத்திருந்தாலும், 10 நாட்களுக்குள் முதலாளி அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். விடுப்புச் சீட்டை மேலாளர் வாங்கி வைத்துக்கொள்வார். அதற்கு முன்பே படமெடுத்து வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள்.

ஓவர்டைம் பணத்தைக் கையில் கொடுத்துச் சம்பளச் சீட்டில் காட்டாத கடைகள் பல. உங்கள் சராசரி மாத வருமானத்தை வைத்துத்தான் இழப்பீடு கணக்கிடப்படும். சீட்டில் இல்லாத வெள்ளியை அப்போது நிரூபிப்பது பெரும்பாடு. எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று நீங்களே குறித்து வையுங்கள்.

பெர்மிட்டை ரத்து செய்தால் என்ன செய்வது? செய்யக்கூடும்; மறைக்க விரும்பவில்லை. ஆனால் கோரிக்கை நடக்கும்வரை தங்குவதற்கு ஸ்பெஷல் பாஸ் கிடைக்கும். அந்தக் காலத்தில் பொதுவாக வேலை பார்க்க முடியாது என்பதுதான் கொடுமை. தங்குமிடம், சாப்பாடு, வைத்தியம் ஆகியவற்றுக்கு முதலாளியே பொறுப்பு. அவர் கைவிட்டால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்குப் போங்கள். டி.டபிள்யூ.சி.2 என்ற தொண்டமைப்பு இப்படிக் காத்திருக்கும் ஊழியர்களுக்கு லிட்டில் இந்தியாவில் 2008 முதல் இலவசச் சாப்பாடு போட்டுவருகிறது. கௌரவம் பார்க்காமல் போய் உட்காருங்கள். அங்கே சாப்பிடுகிறவர்கள் உங்களைப் போல் அடிபட்டோ சம்பளம் வராமலோ காத்திருப்பவர்கள்தான். எந்தக் கடிதம் வந்தால் என்ன பதில் எழுத வேண்டும், எத்தனை நாளுக்குள் எழுத வேண்டும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அந்த மேசையிலேயே இருப்பார்கள்.